ஆற்றுக் குப்பையை யார் எண்ணுவது?

வழுக்கையாற்றை ஆறு என்று சொன்னால் மகாவலியைக் கண்டவர்கள் சிரிப்பார்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு எதுவும் இல்லை. மாரி மழைக்கு மட்டும் உயிர் பெற்று, அளவெட்டிப் பக்கமிருந்து கந்தரோடை, சண்டிலிப்பாய் வழியாக வந்து அராலியில் கடல்நீரேரியுடன் கலக்கும் இந்த வழுக்கையாறுதான் வலிகாமத்துக்குக் கிடைத்த ஆறு. கோடையில் அது ஒரு பள்ளம். மாடு மேயும். பையன்கள் கிரிக்கெட் விளையாடுவார்கள்.

நான் அதன் கரையில் வளர்ந்தவன். 1995 ஒக்ரோபர் இறுதியில் ஊரோடு சேர்ந்து வெளியேறி, அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது வீட்டில் கூரை இருக்கவில்லை. ஆறு மட்டும் இருந்தது. அந்த மாரியில் தண்ணீர் ஓடியதைப் பார்த்து என் தாயார் அழுதது இன்னும் நினைவில் இருக்கிறது. இன்று அதே இடத்தில் மழை பெய்தால் தண்ணீருக்கு முன்னால் வருவது பொலித்தீன்.

பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்ற பின், சில இளைஞர்களுடன் சேர்ந்து இந்த ஆற்றில் சேரும் பிளாஸ்ரிக்கை எண்ணத் தொடங்கினேன். அள்ளுவது வேறு, எண்ணுவது வேறு. அந்த வேறுபாட்டையும், எண்ணும் முறையையும், அதனால் என்ன பயன் என்பதையும் இங்கே எழுதுகிறேன். வேறு ஊர்களில் யாராவது செய்ய நினைத்தால் உதவும்.

சிரமதானம் விட்டுச்செல்லும் குறை

எமக்குச் சிரமதானம் புதிதல்ல. நாங்களும் முதலில் அதைத்தான் செய்தோம். ஒரு சனிக்கிழமை காலையில் நாற்பது பேர் வரை கூடினோம். உழவு இயந்திரப் பெட்டி நிறைய அள்ளினோம். படம் எடுத்து முகநூலில் போட்டோம். பாராட்டும் கிடைத்தது. அடுத்த பெருமழைக்குப் பிறகு போய்ப் பார்த்தால், நாங்கள் அங்கு வந்து போனதற்கு அடையாளமே இல்லை.

அப்போது ஒரு மாணவி கேட்ட கேள்வி என்னைத் தைத்தது. “சேர், நாங்கள் போன முறை அள்ளினதில என்னென்ன இருந்தது? எங்கேயிருந்து வந்தது?” எவராலும் பதில் சொல்ல முடியவில்லை. பெட்டி நிறையக் குப்பை என்பதற்கு மேல் எமக்கு எதுவும் தெரியாது. குப்பையோடு சேர்த்துச் சாட்சியத்தையும் அள்ளி எறிந்திருந்தோம்.

எண்ணாதவர்களுக்குப் பிறர் எண்ணுவார்கள்

எண்ணிக்கை இல்லாத இடத்தில் மதிப்பீடு வந்து உட்காரும். அதற்கு எமது நாடே உதாரணம். 2015இல் அமெரிக்க ஆய்வாளர் ஜென்னா ஜாம்பெக்கும் குழுவினரும் ‘சயன்ஸ்’ ஆய்விதழில் ஒரு பட்டியலை வெளியிட்டனர். முறையாகக் கையாளப்படாத பிளாஸ்ரிக் கழிவில் சீனா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், வியட்நாம் ஆகியவற்றுக்கு அடுத்து இலங்கை 5ஆவது இடத்தில் வைக்கப்பட்டது. ஆண்டுக்கு 15.9 இலட்சம் தொன் என்றது அந்தப் பட்டியல். இன்றும் பல மேடைகளில் அந்த 5ஆம் இடம் சொல்லப்படுகிறது.

அந்தக் கணக்கின் அடியில் இருந்த ஓர் எண்ணைப் பாருங்கள். இலங்கையர் ஒருவர் நாளொன்றுக்கு 5.1 கிலோ குப்பை போடுகிறார் என்று அதில் எடுத்துக்கொள்ளப்பட்டிருந்தது. அதே பட்டியலில் அமெரிக்கர் ஒருவருக்கு 2.58 கிலோ. எங்கள் வீட்டு வாளியைத் தூக்கிப் பார்த்த எவரும் இதை நம்பமாட்டார். உலக வங்கியின் முந்தைய அறிக்கை ஒன்றில் இருந்த அந்தத் தொகை, அதே வங்கி 2018இல் வெளியிட்ட அறிக்கையில் பல மடங்கு குறைந்துவிட்டது. ஆய்வாளர்கள் வேண்டுமென்று செய்த பிழையல்ல இது. அவர்கள் கையில் வேறு தரவு இருக்கவில்லை. ஆற்றங்கரையில் நின்று எண்ணியவர்கள் இருக்கவில்லை.

எண்ணிக்கை பிறர் கையில் இருந்தால் என்ன நடக்கும் என்பதை எமக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. 2009 தொடக்கத்தில் வன்னிக்குள் அகப்பட்டிருந்த மக்கள் சில பத்தாயிரம் பேர்தான் என்று அரசு சொல்லிக்கொண்டிருந்தது. பின்னர் முகாம்களில் அடைக்கப்பட்டவர்கள் மட்டுமே இரண்டரை இலட்சத்துக்கு மேல். எண்ணிக்கை குறைத்துச் சொல்லப்பட்டதையும், மக்களுக்குப் போய்ச் சேரவேண்டிய உணவும் மருந்தும் மறுக்கப்பட்டதையும் ஐ.நா. செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழு 2011இல் பதிவுசெய்தது. மனித உயிரையும் குப்பையையும் ஒரே தட்டில் வைக்க நான் வரவில்லை. சொந்தக் கையால் எழுதி, திகதியிட்டு, பத்திரமாக வைத்த கணக்கு எவ்வளவு பெறுமதியானது என்பதை அறிந்த மக்கள் நாம் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

பிள்ளைகள் எண்ணிய ஜேர்மன் ஆறுகள்

‘சாதாரண மக்கள் எண்ணுவதை அறிவியல் ஏற்குமா?’ என்று கேட்பவர்கள் உண்டு. ஏற்றிருக்கிறது.

1986இல் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலக் கரையில் ஏறக்குறைய 2,800 தன்னார்வலர்கள் கூடிக் குப்பை அள்ளினார்கள். ஒவ்வொரு பொருளையும் அட்டையில் குறித்துக்கொண்டே அள்ளினார்கள். இன்று உலகெங்கும் ஆண்டுதோறும் நடக்கும் சர்வதேச கரையோரத் தூய்மைப்படுத்தல் அந்த அட்டையிலிருந்து வளர்ந்ததுதான்.

ஆறுகளுக்கு வந்தால், எனக்குப் பிடித்த உதாரணம் ஜேர்மனியின் ‘பிளாஸ்ரிக் பைரேற்ஸ்’ திட்டம். பிளாஸ்ரிக் கடற்கொள்ளையர் என்று பொருள். 10 வயது முதல் 16 வயது வரையான மாணவர்களுக்கென 2016இல் தொடங்கப்பட்டது. அந்த ஆண்டு இலையுதிர் காலத்திலும் 2017 வசந்த காலத்திலும் 250க்கும் மேற்பட்ட ஆற்றங்கரை இடங்களில் பிள்ளைகள் எண்ணினார்கள். நீரோரம், வெள்ளம் ஏறும் கரை, வெள்ளம் தொடாத மேட்டு நிலம் என்று கரையை மூன்றாகப் பிரித்து, கயிற்றால் வட்டம் போட்டு, வட்டத்துக்குள் கிடப்பதை மட்டும் குறித்தார்கள். இந்தப் பிரிப்பில் ஒரு சூட்சுமம் உண்டு. நீரோரத்தில் கிடப்பதைப் பெரும்பாலும் ஆறு கொண்டுவந்திருக்கும். வெள்ளம் ஏறாத மேட்டில் கிடப்பதை மனிதர் அங்கேயே போட்டிருப்பார்கள்.

பிள்ளைகளின் கணக்கு ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தது. சராசரியாகச் சதுர மீற்றருக்கு 0.54 பொருட்கள். பிளாஸ்ரிக் 31 சதவீதம், சிகரெட் அடிக்கட்டை 20 சதவீதம். உடைந்த கண்ணாடி, கூரிய உலோகம் போன்ற ஆபத்தான பொருட்கள் 89 சதவீதமான இடங்களில் கிடந்தன. முக்கியமான முடிவு வேறொன்று. குப்பைக்குக் காரணம் பொழுதுபோக்குக்காக ஆற்றங்கரைக்கு வருபவர்களே என்று பெரும்பாலும் தெரியவந்தது. எண்ணியிராவிட்டால் பழி தவறான இடத்தில் விழுந்திருக்கும். 2020இல் போர்த்துக்கலும் சுலோவேனியாவும் சேர்ந்துகொள்ள, அத்திட்டம் ஐரோப்பிய அளவில் விரிந்தது.

நெதர்லாந்தில் பெரியவர்களே இதைச் செய்கிறார்கள். பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் தமக்கென ஒதுக்கப்பட்ட 100 மீற்றர் கரையை ஆண்டுக்கு இரு தடவை நடந்து, நூற்றுக்கு மேற்பட்ட வகைகள் கொண்ட பட்டியலில் ஒவ்வொரு பொருளையும் பதிகிறார்கள். பாலத்தில் நின்று, கீழே மிதந்து போவதைக் குறித்த நேரத்துக்கு எண்ணும் முறை வியட்நாமின் சைகோன் ஆறு உட்படத் தென்கிழக்காசியாவின் பல ஆறுகளில் பயன்பட்டிருக்கிறது. அதற்குத் தேவை ஒரு கடிகாரமும் ஒரு கொப்பியும்தான்.

நாங்கள் செய்த பிழைகள்

எமது முதலாவது எண்ணிக்கை வீணாகிப்போனது. இரு குழுக்கள் ஒரே கரையை எண்ணின. இரண்டு தாள்களிலும் இருந்த தொகைகள் ஒன்றுக்கொன்று அருகில்கூட வரவில்லை. விசாரித்தபோது காரணம் தெரிந்தது. கிழிந்து நாராய்ப்போன ஒரு ‘ஷொப்பிங் பாக்’கை ஒரு குழு ஒன்று என்று எழுதியது, மற்றக் குழு ஒவ்வொரு கிழிசலையும் தனித்தனியே எழுதியது. இன்னொரு பிழை, எண்ணத் தொடங்கும்போதே சிலர் அள்ளவும் தொடங்கியது. இரண்டாவது குழு வரும்போது பாதிக் குப்பை சாக்கில் இருந்தது.

அதற்குப் பிறகுதான் விதிகளை எழுதினோம். அனுபவத்தில் நிலைத்தவை இவை:

1. இடத்தை மாற்றாதீர்கள். 100 மீற்றர் கரையை அளந்து, தொடக்கத்துக்கும் முடிவுக்கும் அசையாத அடையாளம் வையுங்கள். மதகு, பனை, மின்கம்பம் எதுவும் போதும். ஆகக் கூடுதலாகக் குப்பை கிடக்கும் இடத்தைத் தேடித் தெரிவுசெய்யாதீர்கள். அப்படிச் செய்தால் உங்கள் கணக்கு அந்த இடத்தைப் பற்றி மட்டுமே பேசும், ஆற்றைப் பற்றிப் பேசாது.

2. சந்தைக்கோ குடியிருப்புக்கோ மேலே ஓர் இடம், கீழே ஓர் இடம் என்று இரண்டு எடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்தச் சந்தையின் பங்கு.

3. எமது ஆறுகள் மாரியில் ஓடுபவை. ஆகவே மழைக்கு முன் ஒரு தடவை, மாரி ஓய்ந்தபின் ஒரு தடவை கட்டாயம் எண்ண வேண்டும். முதலாவது ஊர் சேர்த்து வைத்ததைச் சொல்லும். இரண்டாவது வெள்ளம் கொண்டுவந்து விட்டதைச் சொல்லும்.

4. படிவம் ஒரு பக்கத்துக்கு மேல் போகக்கூடாது. வெளிநாட்டுப் பட்டியலை அப்படியே எடுக்காதீர்கள். எமது படிவத்தில் தண்ணீர்ப் போத்தல், மூடி, ஷொப்பிங் பாக், லஞ்ச் சீற், ரெஜிபோம் பெட்டி, யோகட் கோப்பை, ஷம்பூ பைக்கற், பால்மாப் பைக்கற், பம்பஸ், செருப்பு, உரப்பை, மருந்துப் போத்தல், மீன்வலைத் துண்டு, இனங்காண முடியாத துண்டுகள் போன்ற பதினைந்து வரிகள்தான். ஐந்துக்கு ஒரு குறுக்குக்கோடு போட்டு எண்ணுகிறோம்.

5. இரண்டரைச் சென்ரிமீற்றருக்குக் குறைந்ததை விட்டுவிடுங்கள். கிழிந்திருந்தாலும் ஒரே பை என்று அடையாளம் தெரிந்தால் ஒன்று. தெரியாவிட்டால் ‘துண்டுகள்’ வரியில் போடுங்கள்.

6. முதலில் எண்ணுங்கள், பிறகு அள்ளுங்கள். இரு குழுக்கள் தனித்தனியே எண்ணித் தாள்களை ஒப்பிடுங்கள். வேறுபாடு பெரிதானால் திரும்ப எண்ணுங்கள்.

7. ஒன்றும் கிடைக்காத வரியில் வெற்றிடம் விடாமல் பூச்சியம் எழுதுங்கள். பார்த்தோம், இல்லை என்பதும் ஒரு தகவல். திகதி, நேரம், கடைசியாக மழை பெய்த நாள், எண்ணியவர்களின் பெயர், படம் ஆகியன இல்லாத தாள் சாட்சியமாகாது.

படிவத்தில் எமது நாட்டுச் சட்டத்துக்கும் இடம் வையுங்கள். பொலித்தீன் லஞ்ச் சீற்றும் ரெஜிபோம் உணவுப் பெட்டியும் 2017 செப்ரெம்பரில் தடை செய்யப்பட்டவை. ஒருமுறை பாவிக்கும் உறிஞ்சுகுழல், கரண்டி, இடியப்பத் தட்டு போன்றவை 2023 ஒக்ரோபரில் தடைக்குள் வந்தன. தடைக்குள்ளான பொருள் ஒவ்வொரு எண்ணிக்கையிலும் கோடு வாங்கினால், சட்டம் கடைத்தெருவுக்கு வந்து சேரவில்லை என்பதற்கு அதைவிட வேறு ஆதாரம் தேவையில்லை.

வடக்கிலும் கிழக்கிலும் கூடுதல் கவனம்

வெளிநாட்டுக் கைநூல்களில் இல்லாத சில விடயங்கள் எமக்கு உண்டு.

முதலாவது, வெடிபொருட்கள். வன்னியில் கனகராயன் ஆறு போன்ற ஆறுகளின் கரைகளில் எண்ண நினைப்பவர்கள், அந்தப் பகுதி கண்ணிவெடி அகற்றி விடுவிக்கப்பட்டதா என்பதை முன்கூட்டியே உறுதிசெய்ய வேண்டும். விடுவிக்கப்பட்ட நிலத்திலும் வெள்ளம் மண்ணை அரித்துப் பழையவற்றை வெளியே கொண்டுவரலாம். அடையாளம் தெரியாத உலோகப் பொருளை எவரும் தொடக்கூடாது. இடத்தைக் குறித்துவிட்டு, எல்லோரையும் வந்த வழியே திருப்பி, பொலிசாருக்கோ கிராம அலுவலருக்கோ அறிவியுங்கள். அன்றைய எண்ணிக்கை அத்தோடு முடியட்டும்.

இரண்டாவது, கொப்பியும் தொலைபேசியும் கையுமாக இளைஞர்கள் கரையோரம் நடந்தால், யாராவது வந்து விசாரிப்பார்கள். எங்களிடமும் வந்து பெயர், ஊர், ‘எந்த அமைப்பு?’ என்று கேட்டார்கள். அன்று இரண்டு பெற்றோர் தங்கள் பிள்ளைகளை வீட்டுக்குக் கூட்டிச் சென்றுவிட்டார்கள். அவர்களைக் குறைசொல்ல என்னால் முடியாது. அதன் பிறகு ஒவ்வொரு தடவையும் கிராம அலுவலருக்கும் பிரதேச சபைக்கும் எழுத்தில் அறிவித்து, பிரதியைக் கையில் வைத்திருக்கிறோம். வந்தவரிடம் படிவத்தைக் காட்டுவோம். பம்பஸ் எத்தனை என்று எழுதிய தாளைப் பார்த்த பிறகு யாரும் அதிகநேரம் நிற்பதில்லை.

மூன்றாவது, பொதுவான பாதுகாப்பு. தடித்த கையுறையும் மூடிய சப்பாத்தும் வேண்டும். ஊசி, கண்ணாடி ஆகியவற்றைப் பிள்ளைகள் எண்ணலாம், எடுக்கக்கூடாது. வெள்ளம் ஓடும்போது கரைக்கு இறங்காமல் மதகில் அல்லது பாலத்தில் நின்று மட்டும் எண்ணுங்கள்.

ஆட்களைத் தக்கவைப்பது

முதல் நாள் நாற்பது பேர் வந்தார்கள் என்றேன். மூன்றாவது எண்ணிக்கைக்கு வந்தவர்கள் ஆறு பேர். தன்னார்வப் பணிகளில் இது வழமை. அள்ளினால் கரை துப்புரவாவது கண்ணுக்குத் தெரியும். எண்ணினால் தாளில் கோடுகள்தான் மிஞ்சும்.

இரண்டு விடயங்கள் உதவின. ஒன்று, ஒவ்வொரு குழுவுக்கும் அவர்களுக்கே உரிய 100 மீற்றரைக் கொடுத்தோம். ‘எங்கட துண்டு’ என்று வந்துவிட்டால் தாமாகவே போய்ப் பார்ப்பார்கள். மற்றது, எண்ணி ஒரு வாரத்துக்குள் கணக்கைத் தொகுத்து, எண்ணியவர்களுக்கே முதலில் காட்டினோம். தங்கள் கோடு வரைபடமாவதைப் பார்க்காத பிள்ளை அடுத்த முறை வராது.

கணக்கு எங்களையே காட்டியபோது

மதகடியில் குடியிருக்கும் ஆச்சி ஒருவர் ஆரம்பத்திலிருந்தே எங்களை வேடிக்கை பார்ப்பார். ஒரு நாள் கேட்டார்: “எண்ணிப்போட்டு என்ன செய்யப்போறியள் மாஸ்ரர்? குப்பை எண்டால் குப்பைதானே.” எனக்கும் அன்று திருப்தியான பதில் இருக்கவில்லை.

பதில் நாலாவது எண்ணிக்கையில் வந்தது. மேல்பக்கத்து ஊர்க்காரர்தான் ஆற்றில் குப்பை கொட்டுகிறார்கள் என்று நாங்கள் எல்லோரும் நம்பியிருந்தோம். மேலேயும் கீழேயுமான இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, இரண்டு பொருட்கள் எங்கள் துண்டில்தான் குவிந்திருந்தன. ஒன்று பம்பஸ். மதகுக்குப் பக்கத்து ஒழுங்கைக்குள் சபையின் குப்பை வண்டி வருவதில்லை. எரிக்கவும் முடியாததைச் சனம் எங்கே போடும்? மற்றது, மெல்லிய பிளாஸ்ரிக் குடிகோப்பை. அது எங்கள் கோயில் திருவிழாவின் தண்ணீர்ப்பந்தலில் இருந்து வந்தது. அந்தப் பந்தலுக்குக் காசு கொடுத்தவர்களில் நானும் ஒருவன்.

பிரதேச சபைக்கு நாங்கள் முன்பு அனுப்பிய கடிதங்களில் ‘சூழல் மாசடைகிறது, ஆவன செய்யவும்’ என்று இருக்கும். பதில் வராது. இந்த முறை நான்கு எண்ணிக்கைகளின் அட்டவணையை இணைத்து, இந்த ஒழுங்கைக்குக் கிழமையில் ஒரு நாள் வண்டி வேண்டும் என்று ஒன்றை மட்டும் கேட்டோம். பல தடவை அலைந்த பிறகு வண்டி வரத் தொடங்கியது. சில கிழமைகளில் வராமலும் விடுகிறது. வராத கிழமைகளையும் இப்போது குறித்து வைக்கிறோம்.

கோயிலில் பேசுவது சபையில் பேசுவதைவிடக் கடினமாக இருந்தது. புண்ணிய காரியத்தைக் குறைசொல்ல வந்தவன் என்று என்னை ஒருவர் ஏசினார். தாளை எடுத்து வைத்தேன். என் பெயரும் நன்கொடையாளர் பட்டியலில் இருக்கிறது என்றேன். அடுத்த திருவிழாவுக்கு எவர்சில்வர் குவளைகள் வந்தன. கழுவுவதற்கு இளைஞர்கள் நின்றார்கள். அதற்கடுத்த எண்ணிக்கையில் அந்த ஒரு வரியில் கோடுகள் குறைந்தன. தண்ணீர்ப் போத்தல் வரியில் குறையவில்லை.

இவ்வளவுதான் நாங்கள் சாதித்தது. ஆறு இன்னும் துப்புரவாகவில்லை. 100 மீற்றர் கரையின் கணக்கை வைத்து முழு ஆற்றையும் பற்றி முடிவு சொல்லவும் முடியாது. அதற்கு அளவெட்டியிலிருந்து அராலி வரை ஒவ்வொரு ஊரும் தன் துண்டை எண்ண வேண்டும். அருவியாற்றங்கரையிலும் மட்டக்களப்பு வாவிக் கரையிலும் இதே தாளோடு ஆட்கள் நடக்க வேண்டும். ஒரே முறையில் எண்ணினால் எல்லாத் தாள்களையும் ஒன்றாக வைத்துப் பார்க்கலாம். பல்கலைக்கழகத்துக்கோ சுற்றாடல் அதிகாரிகளுக்கோ கொடுக்கலாம். அடுத்த முறை எமது ஆறுகளைப் பற்றி யாராவது ஒரு தொகை சொன்னால், அது சரியா என்று எமது தாளில் பார்த்துக்கொள்ளலாம்.

கடைசியாக எண்ணியது மாரி ஓய்ந்த ஒரு காலையில். படிவத்தை மடித்துக்கொண்டு மதகில் ஏறியபோது ஆச்சி படலையடியில் நின்றார். முன்பு போல வேடிக்கை பார்க்கவில்லை. “இந்த முறை பம்பஸ் எத்தினை மாஸ்ரர்?” என்று கேட்டார். சொன்னேன். விரல் விட்டு ஏதோ கணக்குப் பார்த்துவிட்டு, “வண்டி வராத கிழமைதான் அது” என்றார்.